நாலாம் அங்கத்தின் விலை

கண்ணீருக்கு விலை உண்டு, ஐயா. எங்கள் பயிற்சி நிலையத்தில் அது நானூறு. துன்பியல் நாடகப் பாடத்தில் கலைச்சொற்களை மட்டும் கற்றுக்கொண்டு போனால் முந்நூறு. நாடகத்தை வரிவரியாக நடித்துக் காட்டி, நாலாம் அங்கத்தில் அழவும் வைத்து அனுப்பினால் எழுநூறு. கழித்துப் பார்த்தால் மிஞ்சுவதுதான் கண்ணீர். முந்நூற்றுக்கு உரியவன் நான். நானூற்றுக்கு உரியவன் என் மனைவியின் தம்பி. அந்த விலையைப் போட்டதும் நானேதான். தனக்குக் குறைத்துப் போட்டுக்கொண்டவனைப் பொறாமைக்காரன் என்று யாரும் சொல்ல முடியாது, பாருங்கள்.

உங்கள் காவல் நிலையக் கோப்பில் 'தானாக விழுந்த தாழ்ப்பாள்' என்று எழுதி மூடிவிட்டீர்கள். அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். ஆனால் சரக்கைப் பிரிப்பதற்கு முன்னால் கடையைச் சுற்றிக் காட்டுவது எங்கள் குடும்பத்து வழக்கம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா மொத்தத் துணி வியாபாரி. சித்தப்பாக்கள், மாமாக்கள், பெரியப்பா, எல்லோரும் ஏதோ ஒன்றை விற்றார்கள். வீட்டில் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டாலும் பேரம் பேசித்தான் கிடைக்கும். அந்தக் கூட்டத்தில் இலக்கியம் படித்தவன் நான் ஒருவன். பட்டம் வாங்கி வந்த அன்று அப்பா அதை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "தாள் கனமாத்தான் இருக்கு" என்றார். அவர் காலத்துக்குப் பிறகு துணி வியாபாரம் படுத்தது. கடையின் கீழ்த்தளத்தைத் தையற்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, நடுமாடியில் பெஞ்சு போட்டுப் பயிற்சி நிலையம் தொடங்கினேன். மேல்மாடியில் அப்பாவின் கிடங்கு அப்படியே கிடந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கல்லூரித் தேர்வில் வருவது ஒரே நாடகம். பழையது, முழுக்கச் செய்யுள். கதை எளிது. போரில் வென்று தம்பி திரும்புகிறான். வழியெல்லாம் ஊர் திரண்டு நின்று அவனைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விடுகிறது. அண்ணன் அரசன். தம்பி உன் அரியணைக்குத்தான் வருகிறான் என்று யாரோ அவன் காதில் போடுகிறார்கள். கோட்டைக் கதவை அடைக்கச் சொல்கிறான். நாலாம் அங்கம் முழுவதும், காயம்பட்ட தம்பி பனியில் நின்று கதவைத் தட்டுகிறான். உள்ளே அரசன் தாழ்ப்பாளில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறான். விடிந்து திறக்கும்போது தம்பி விறைத்துக் கிடக்கிறான். ஐந்தாம் அங்கத்தில், காதில் போட்டது பொய் என்று தெரிகிறது. அவ்வளவுதான்.

இதைப் படிக்கப் பிள்ளைகள் பயப்படுவது கதைக்காக அல்ல, கலைச்சொற்களுக்காக. முன்னுணர்த்தல், ஒதுக்குமொழி, வீழ்த்தும் குறை, உணர்ச்சி வடிதல் என்று பேராசிரியர்கள் முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்லும் சொற்கள். நான் அவற்றைக் கடையில் வைத்து விற்றேன். தனிமொழி என்றால், கடையை அடைத்தபின் அப்பா கல்லாப்பெட்டியோடு பேசுவது. ஒதுக்குமொழி என்றால், வாங்க வந்தவர் காதில் விழாமல் "அந்தக் கீழடுக்கைத் தொடாதே" என்று சித்தப்பாவிடம் முணுமுணுப்பது. நாடக முரண் என்றால், அந்தத் துணியின் எந்த மடிப்பில் பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறது என்று கடையில் எல்லோருக்கும் தெரியும், வாங்க வந்தவருக்கு மட்டும் தெரியாது. அவர் அதைத் தடவி "நல்லா இருக்கே" என்று சொல்லும்போது பார்க்கிறவர் வயிற்றில் ஏதோ ஒன்று செய்யும். அந்த ஏதோ ஒன்றுதான் நாடக முரண்.

பிள்ளைகள் சிரித்தார்கள், எழுதினார்கள், தேறினார்கள். எனக்கு 'விலைப்பட்டியல்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். நான் கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். பட்டப்பெயர் கிடைத்துவிட்டால் வாத்தியார் நிலைத்துவிட்டார் என்று பொருள்.

அப்போதுதான் மைத்துனன் வந்தான். அவன் இருந்த நாடகக் குழு கலைந்துவிட்டது. "தம்பிக்கு ஏதாவது ஒரு வேலை போட்டுக் குடுங்களேன்" என்றாள் மனைவி. அவன் ஒல்லி. மூச்சிரைப்பு வேறு. சட்டைப்பையில் பேனா வைத்திருப்பதுபோல இன்ஹேலரை வைத்திருப்பான். நாடகத்தை உரக்க வாசித்துக் காட்டு என்று விட்டேன். முதல் நாளே நாலாம் அங்கத்தை எடுத்தான்.

திறவாய் அண்ணா, திறவாய் கதவை;
புறத்தே நிற்பது பகைவன் அல்லன்,
ஒருதாய் வயிற்றில் உடன்கிடந் தவனே.

இந்த மூன்று வரியைத் தேர்வுக்காக நான் எத்தனையோ முறை அசை பிரித்துக் காட்டியிருக்கிறேன். அவன் சொன்னபோது பின் பெஞ்சில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவனுக்கு ஒரு தந்திரம் இருந்தது. தன் நோயையே சரக்காக்கிவிட்டான். வரிக்கு நடுவில் மூச்சு இழுத்து, விட்டு, அறுந்து அறுந்து பேசுவான். "குளிர்ல சாகிறவனுக்கு எப்படி மூச்சு வாங்கும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அத்தான்" என்று சிரிப்பான். ஒரு வியாபாரியின் மகனாக அதை நான் மெச்சினேன். உடைந்த பானையையும் விற்கத் தெரிந்தவன்.

வகுப்பு இல்லாத நேரத்திலும் கதவைச் சாத்திக்கொண்டு கத்திப் பழகுவான். படிக்கட்டு வழியாகக் குரல் தெருவரைக்கும் இறங்கும். தெருவே அதற்குப் பழகிவிட்டது. கீழே தையற்காரர் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே, "ஏன் சார், அந்த அண்ணன்காரன் கதவைத் தொறக்கவே மாட்டானா? வருஷக்கணக்கா கேக்குறானே பாவம்" என்பார். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க வருகிறவர்கள் அவனுக்கு 'நாலாம் அங்கம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். என் மனைவி மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும்போது படியிலேயே நின்று கேட்பாள். முடிந்தபின்தான் மேலே வருவாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவாள்.

ஒருநாள் சாப்பிடும்போது அவளிடம் வேடிக்கையாகக் கேட்டேன், என் வகுப்பையும் இப்படி நின்று கேட்பதுதானே என்று.

"அவன் சொன்னா கண்ணுல தண்ணி வருது. நீங்க சொன்னா ஏதாவது வாங்கணும்போல இருக்கு" என்றாள்.

மைத்துனனுக்குப் புரையேறிவிட்டது. "அக்கா, அத்தான் முகத்தைப் பாரு" என்றான். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை, ஐயா. இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல நகைச்சுவை.

எங்களுக்குள் சண்டை எதுவும் வந்ததில்லை. ஒரே ஒரு கருத்து வேறுபாடு. அரசனின் வீழ்த்தும் குறை, அதாவது அவனைக் கவிழ்த்த குணம், என்ன என்ற கேள்விக்கு என் கையேட்டில் 'சந்தேகம்' என்று போட்டிருந்தேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "சந்தேகம் எல்லாம் மேல்பூச்சு, அத்தான். அவனுக்குப் பொறாமை. ஊர் தம்பிக்காக அழுதுச்சு பாருங்க, அதைத்தான் தாங்க முடியல. தனக்காக ஒருத்தர்கூட அழலையேன்னு." நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாற்றவில்லை. பொறாமை என்பது இல்லாதவனுக்கு வருவது. அரசனிடம் எல்லாம் இருந்தது.

பிறகு ஒருநாள் அச்சகத்துக்குப் போனவன் சீக்கிரம் திரும்பிவிட்டேன். என் வகுப்பை அவன் எடுத்துக்கொண்டிருந்தான். கதவருகே நின்றேன். நாடக முரண் நடந்துகொண்டிருந்தது. என் கடை, என் அப்பா, என் பூச்சி அரித்த துணி. ஆனால் அவன் வாங்க வந்தவராகிவிட்டான். மகளுக்கு முதல்முறையாகப் புதுத்துணி எடுக்க வந்த ஒரு மனிதர். இருப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். துணியைத் தடவுகிறார். "நல்லா இருக்கே" என்கிறார். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு முன் பெஞ்சில் ஒரு பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இத்தனை வருடமாக அந்தக் கதையை நான் சொல்லியிருக்கிறேன், ஐயா. அதில் வாங்க வந்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அவன்தான் கண்டுபிடித்தான்.

"இது எங்க அத்தான் சொன்ன உதாரணம். கைதட்டுறதா இருந்தா அவருக்குத் தட்டுங்க" என்றான். தட்டினார்கள். எனக்கான கைதட்டலை அவன் முகம் வாங்கிக்கொண்டது. திருடியிருந்தால் கையைப் பிடித்திருக்கலாம். நன்றி சொல்லிவிட்டு எடுத்துக்கொள்கிறவனை என்ன செய்வது?

அடுத்த வாரம் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்தார்கள். கலைச்சொற்களையும் அந்த சாரே எடுத்தால் நன்றாக இருக்கும் என்றார்கள். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். வீட்டில் மனைவியும் அதையே சொன்னாள். "ரெண்டையும் தம்பியே பாத்துக்கட்டுமேங்க. நீங்க கட்டணம் வாங்குறது, வாடகை வாங்குறதைப் பாருங்க. உங்களுக்கும் ஓய்வா இருக்கும்."

அதாவது கல்லாவுக்குத் திரும்பிப் போ என்கிறாள். அப்பா உட்கார்ந்த அதே நாற்காலி. பட்டத்தைத் தடவிப் பார்த்த அந்த இரண்டு விரல் என் தோளில் இருப்பதுபோல இருந்தது. "யோசிக்கலாம்" என்றேன்.

இப்போது கிடங்கு. கனத்த மரக்கதவு. உள்ளே சன்னல் கிடையாது, கதவுக்கு மேலே படிக்கட்டுப் பக்கம் ஒரு கம்பி வலை மட்டும். வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள். கதவைச் சாத்தினால் அதுவாக விழுந்துகொள்ளும். திருட்டுக்குப் பயந்து அப்பா போட்டது. அதனால் உள்ளே போகிறவர் எவராக இருந்தாலும் கதவிடுக்கில் செங்கல் வைத்துவிட்டுத்தான் போவார். செங்கல் எப்போதும் அங்கேயே கிடக்கும். உள்ளே பழைய கையேட்டுக் கட்டுகள், பாடநூல்கள், அப்பா காலத்துத் துணிப்பஞ்சு, தூசி. கட்டைத் தூக்கினால் விளக்கு வெளிச்சமே மங்கிவிடும்.

அன்று காலை வகுப்பு முடிந்திருந்தது. நாடகத்தின் பழைய பதிப்பில் நாலாம் அங்கத்துக்குக் கூடுதலாகச் சில வரிகள் உண்டு, மேலே எங்கேயோ இருக்கும் என்று அவனிடம் சொன்னேன். பொய்யல்ல. உண்டு. அவன் முகம் மலர்ந்துவிட்டது. சட்டையில் தூசி படும் என்று மேல்சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினான். இன்ஹேலர் அதன் பையில்தான். செல்போனும் அதில்தான்.

"அஞ்சு நிமிஷம், அத்தான்" என்று செங்கல்லை வைத்துவிட்டு உள்ளே போனான்.

நான் செங்கல்லை எடுத்தேன். கதவு அதன் வேலையைச் செய்தது, தாழ்ப்பாள் அதன் வேலையைச் செய்தது. விளக்கின் விசை வெளியில்தான் இருக்கிறது, அதை நான் அணைக்கவில்லை. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இருட்டு ஆகாது என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.

கிடங்குக் கதவை ஒட்டி, படிக்கட்டு முகப்பில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, என் கையேட்டின் புதிய பதிப்புக்கான அச்சுத்தாள்களில் பிழை திருத்த உட்கார்ந்தேன்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது உள்ளிருந்து. "அத்தான், செங்கல் நழுவிடுச்சு போல. வந்து தொறங்க." கொஞ்ச நேரம் கழித்து, "விளையாடாதீங்க அத்தான், தூசி ஏறுது." பிறகு, "சட்டையில இருக்கு, அத்தான். சட்டையை மட்டுமாவது குடுங்க." பிறகு என்னைக் கூப்பிடுவதை விட்டுவிட்டுத் தெருவைக் கூப்பிட ஆரம்பித்தான். திறங்க, யாராவது கதவைத் திறங்க என்று. பழகிய குரல், நன்றாக இறங்கியது.

கீழிருந்து தையற்காரர் கேட்டார்: "என்ன சார், இன்னைக்கு இப்பவே ஆரம்பிச்சிட்டாரா?"

"பரீட்சை நெருங்குதில்ல" என்றேன்.

"உசுரைக் குடுத்து நடிக்கிறாருப்பா மனுஷன்."

மைத்துனன் கெட்டிக்காரன். அதற்குள் விஷயம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. "இது நாடகம் இல்ல, நாடகம் இல்ல" என்று கத்தினான். கீழே இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "புதுசா வசனம் சேத்திருக்காரு டோய்" என்று ஒரு குரல் கேட்டது. எனக்கு வயிற்றில் அந்த ஏதோ ஒன்று செய்தது. கலைச்சொல்லை எத்தனையோ வருடம் கற்பித்தவன், அன்றுதான் அதன் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு என் மனைவி சாப்பாட்டோடு வந்தாள். வழக்கம்போலப் பாதிப் படியில் நின்றுவிட்டாள். அப்போது அவனுக்கு முழு வார்த்தை வரவில்லை. திற என்று ஒரு துண்டு, கதவை என்று ஒரு துண்டு, நடுவில் இழுப்பு. அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கேட்டுவிட்டு, மீதிப் படியும் ஏறாமல் அடுக்குப் பாத்திரத்தை என் பக்கம் நீட்டி, குரலைத் தணித்துச் சொன்னாள்:

"இன்னைக்கு என்னமா பண்றான் பாருங்க. கூப்பிட்டுக் கெடுத்துடாதீங்க. முடிச்சிட்டுச் சாப்பிடட்டும்."

"சரி" என்றேன்.

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நான் மட்டும்தான் இருந்தேன். என் நாற்காலியைத் தாண்டி ஒரு கையை நீட்டினால் தாழ்ப்பாள். நான் அதில் கையை வைக்கவில்லை. அரசன் வைத்தான், அதனால்தான் அவன் நடுங்குகிறான், தனிமொழி பேசுகிறான், நாலு பக்கம் நீள்கிறது.

சத்தம் நின்றபின் கையிலிருந்த பக்கத்தை முடித்தேன். பிறகு தாழ்ப்பாளைத் தூக்கினேன். பிறகு கத்தினேன். தையற்காரர் ஓடி வந்தார், நீங்கள் வந்தீர்கள், நானும் ஒத்திகை என்றே நினைத்தேன் என்றேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். செங்கல்லை இடறிவிட்டிருப்பான் என்று நீங்களே ஒரு வரி சேர்த்தீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அன்று பேசவில்லை.

கொல்ல நினைத்தாயா என்று கேட்பீர்கள். செங்கல்லை எடுக்கும்போது சட்டை நாற்காலியில் இருந்தது எனக்குத் தெரியும். இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

யாரும் கேட்காதபோது ஏன் வந்தேன் என்பதுதான் உங்கள் முகத்தில் இருக்கும் கேள்வி. துன்பியலில் ஒரு விதி உண்டு, ஐயா. கூரை இடிந்து விழுந்து ஒருவன் செத்தால் அது துன்பியல் அல்ல, செய்தி. ஒரு மனிதன் செய்திருக்க வேண்டும். தெருவில் எல்லோரும் தாழ்ப்பாளைத் திட்டுகிறார்கள். தையற்காரர் அதைக் கழற்றிக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட்டார். வீட்டில் என் மனைவி சாப்பிடுவதில்லை. "நின்னு ரசிச்சேனே, ரசிச்சிட்டு வந்தேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். தாழ்ப்பாளுக்கு ஒரு பங்கு, அவளுக்கு ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்ள இது கூட்டு வியாபாரம் அல்ல. முதல் முழுவதும் என்னுடையது.

நேற்று மாலை நாலாம் அங்கத்தை நானே எடுத்தேன். கட்டணம் வாங்கியாயிற்று, பாடத்தை நிறுத்த முடியாது. மனைவி வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் என் வகுப்புக்கு அவள் வந்தது அதுதான் முதல்முறை. நான் அவசரப்படவில்லை. மூச்சு வாங்கவும் இல்லை, அதெல்லாம் மலிவு. அசை பிறழாமல், சீர் சீராக, மூன்று வரியையும் சொன்னேன். புறத்தே நிற்பது என்று தொடங்கும்போதே அவள் உடைந்துவிட்டாள். மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். பிள்ளைகள் யாரும் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்கள். நான் ஐந்தாம் அங்கம் வரை நிறுத்தாமல் போனேன்.

எல்லோரும் போனபின் அவள் தலை நிமிர்த்திக் கேட்டாள்: "நான் படியில நின்னேன். நீங்க கதவுகிட்டயே உக்காந்திருந்தீங்களே. உங்களுக்குக் கூடவா தெரியல?"

அந்தக் கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்தது. எனக்குத் தெரிந்தது, ஐயா. அந்தத் தெருவிலேயே தெரிந்தவன் நான் ஒருவன்தான். தையற்காரரோடும் காஜா எடுக்க வந்தவர்களோடும் என்னையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கிறாள். அதை மட்டும் நீங்கள் அவளிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள். கையேட்டின் புதிய பதிப்பு அச்சுக்குப் போய்விட்டது; அரசனின் குறை, அதில் சந்தேகம் என்றே இருக்கிறது.

கணக்கை முடித்துவிடலாம். மைத்துனன் என் கடையிலிருந்து எடுத்தது, ஓர் உதாரணமும் ஒரு கைதட்டலும். நான் எடுத்தது, ஒரு செங்கல். இரண்டும் நேர். நேற்று மாலை என் மனைவி என் வாசிப்புக்கு அழுதது, நானூறு, வரவு. பாக்கி ஒன்றும் இல்லை.